மருந்தும் போதையும் ஓட்டுநரின் கவனத்தை என்ன செய்கின்றன: வண்டிச் சாவியை எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

குடித்துவிட்டு வண்டி ஓட்டக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் சளிக்கு ஒரு மாத்திரை, முதுகுவலிக்கு இன்னொன்று, இரவுத் தூக்கத்துக்கு அரை மாத்திரை என்று போட்டுக்கொண்டு மறுநாள் காலை வண்டியை எடுப்பதைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. டாக்டர் எழுதிக்கொடுத்தது, கடையில் கேட்டு வாங்கியது, ஒளித்து வாங்கியது என்ற பாகுபாடெல்லாம் மூளைக்குக் கிடையாது. மூளையை மந்தப்படுத்தும் எதுவும் ஓட்டும் திறனையும் மந்தப்படுத்தும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது ஒரு விஷயம். "எனக்கு ஒன்றும் செய்யவில்லை, நல்லாத்தான் இருக்கேன்" என்று நமக்குள் சொல்கிற அந்த உணர்வை நம்ப முடியாது. நம்மை நாமே எடைபோடும் வேலையையும் அதே மூளைதான் செய்கிறது. அமெரிக்காவின் அயோவாவில் நடந்து 2000-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சளி, அலர்ஜிக்குக் கடையில் எளிதாகக் கிடைக்கும் டைஃபென்ஹைட்ரமின் 50 மில்லிகிராம் கொடுத்து, சிமுலேட்டரில் ஓட்டச் சொன்னார்கள். வேறொரு நாளில் அதே ஆட்களுக்கு ரத்தத்தில் 0.1 சதவீதம் வரும் அளவுக்கு மது கொடுத்து ஓட்டச் சொன்னார்கள். முன்னால் போகும் வண்டியின் வேகத்துக்கு ஏற்பத் தன் வேகத்தைக் கூட்டிக் குறைப்பதில், மதுவுக்குப் பிறகு செய்ததைவிட மாத்திரைக்குப் பிறகு மோசமாகச் செய்தார்கள். எவ்வளவு தூக்கம் வருகிறது என்று அவர்களே சொன்னதை வைத்து, யார் எவ்வளவு மோசமாக ஓட்டுவார்கள் என்று கணிக்க முடியவில்லை.

ஆகவே இந்த வழிகாட்டி முழுவதும் ஒரே அடிப்படையில் போகும்: ஓட்டலாமா வேண்டாமா என்பதை அந்த நேரத்து உணர்வை வைத்து முடிவெடுக்காமல், மருந்தின் பெயர், அளவு, கடிகாரம் மூன்றையும் வைத்து முன்கூட்டியே முடிவெடுப்பது.

முதல் படி: எது பழுதாகிறது என்று புரிந்துகொள்வது

ஓட்டுவது பழகிப்போன பிறகு எளிதாகத் தோன்றும். உண்மையில் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கின்றன. கண் முன்னால் பார்க்கிறது, ஓரத்தில் நகர்வதையும் பிடிக்கிறது, காது ஹாரனைக் கேட்கிறது, கை ஸ்டீயரிங்கை நொடிக்கு நொடி திருத்துகிறது, மனம் அடுத்து வரப்போகும் திருப்பத்தைக் கணக்குப் போடுகிறது. கவனத்தை இப்படிப் பிரித்துக்கொடுக்கும் திறன்தான் பெரும்பாலான மருந்துகளாலும் போதைப்பொருள்களாலும் முதலில் அடிபடுவது. நேரான, காலியான சாலையில் ஒருவர் நன்றாகவே ஓட்டிக்கொண்டு போகலாம். திடீரென்று பக்கத்துச் சந்திலிருந்து ஒரு சைக்கிள் வரும்போதுதான் குறை வெளியே தெரியும்.

அடுத்தது எதிர்வினை நேரம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. பிரேக்கில் கால் போவதற்கு அரை நொடி தாமதமானால், பிரேக் பிடிக்கத் தொடங்கும் முன்பே கூடுதலாக 8 மீட்டர் போயிருக்கும். அந்த 8 மீட்டருக்குள் ஒரு பாதசாரிக் கடவை அடங்கிவிடும். 90 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 25 மீட்டர். கண் 3 நொடி சொக்கினால் 75 மீட்டர் யாரும் ஓட்டாமலே வண்டி ஓடுகிறது.

மூன்றாவது, தடத்தில் நேராகப் போவது. நெதர்லாந்தில் 1980-களிலிருந்து ஒரு சோதனை நடத்துகிறார்கள். மருந்து எடுத்துக்கொண்டவரை உண்மையான நெடுஞ்சாலையில், மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில், 100 கிலோமீட்டர் தூரம் ஓட்டச் சொல்வார்கள். பக்கத்தில் இன்னொரு பிரேக்கோடு பயிற்றுநர் உட்கார்ந்திருப்பார். வண்டி தடத்துக்குள் எவ்வளவு இடமும் வலமுமாக அலைகிறது என்று கருவி அளக்கும். ரத்தத்தில் 0.05 சதவீத மது இருக்கும்போது அந்த அலைவு சராசரியாக 2.4 சென்டிமீட்டர் கூடுகிறது. சின்ன எண்ணாகத் தெரியலாம். ஆனால் இது முழுப் பயணத்தின் அலைவுக்கான அளவு. இது கூடும்போது, சில நொடிகளுக்குக் கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தடத்துக்குள் போய்விடும் வாய்ப்பு வேகமாக ஏறுகிறது. பல தூக்க மாத்திரைகள் மறுநாள் காலையிலும் இதைவிட அதிக அலைவைக் காட்டியிருக்கின்றன.

பார்வையும் தீர்மானிக்கும் திறனும் மீதி இரண்டு. இவை எப்படிக் கெடும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். இரு சக்கர வண்டிக்காரர்களுக்கு இன்னொன்றும் சேர்கிறது: உடலின் சமநிலை. காரில் வெறும் லேசான தள்ளாட்டமாக முடிவது, பைக்கில் விழுவதில் முடியும்.

இரண்டாவது படி: உள்ளே போவதையெல்லாம் எழுதுவது

ஒரு தாளில், கடந்த இரண்டு நாட்களில் உடலுக்குள் போன எல்லாவற்றையும் எழுதுங்கள். வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளைச் சொல்லிவிட்டு மற்றதை விட்டுவிடுவதுதான் எல்லோரும் செய்வது. இருமல் சிரப், கண் சொட்டு மருந்து, வாந்தி வராமல் இருக்கப் பயணத்துக்கு முன் போட்ட மாத்திரை, பல் பிடுங்கியபோது கொடுத்த வலி மருந்து, மூலிகைத் தூக்க மருந்து, மது, கஞ்சா எல்லாமே இதில் வரும். ஒவ்வொன்றின் பக்கத்திலும் எத்தனை மில்லிகிராம், கடைசியாக எத்தனை மணிக்கு என்று குறியுங்கள்.

பல சளி மாத்திரைகள் கூட்டு மருந்துகள். அட்டையில் பெரிதாக இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் வேதிப்பெயர்களைத்தான் எழுத வேண்டும். காய்ச்சலுக்குப் போட்ட ஒரே மாத்திரையில் பாராசிட்டமாலோடு தூக்கம் வரவைக்கும் குளோர்பெனிரமினும் இருப்பது மிகச் சாதாரணம்.

மூன்றாவது படி: ஒவ்வொன்றும் எந்த வகை என்று பார்ப்பது

சளி, அலர்ஜி மருந்துகளிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இவற்றைத்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. டைஃபென்ஹைட்ரமின், குளோர்பெனிரமின், புரோமெதசின், ஹைட்ராக்சிசின் ஆகியவை பழைய தலைமுறை. மூளைக்குள் எளிதாகப் போய், நம்மை விழிப்பாக வைத்திருக்கும் ஹிஸ்டமினைத் தடுக்கின்றன. ஃபெக்ஸோஃபெனடின், லோரடாடின் போன்றவை மூளைக்குள் மிகக் குறைவாகவே போகும். சொன்ன அளவில் எடுத்தால் ஓட்டுவதைப் பெரும்பாலும் பாதிப்பதில்லை. செட்ரிசின் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, சிலருக்கு நன்றாகவே தூக்கம் வரும். ஓட்ட வேண்டியவர் என்று சொன்னால் டாக்டரே புதிய வகையை எழுதிக்கொடுக்க முடியும். பெரும்பாலும் நாம் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

தூக்க மாத்திரைகளும் பதற்றத்துக்கான மாத்திரைகளும் இதைவிடக் கனமானவை. டயசெபாம், அல்பிரசோலாம், குளோனசெபாம் போன்றவை மூளையின் வேகத்தைக் குறைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் பிடியை இறுக்குகின்றன. எதிர்வினை மந்தமாகும், தடம் அலையும், அண்மை நினைவு தவறும். இரவில் எடுத்தது இரவோடு போய்விடும் என்று நினைப்பதுதான் பொதுவான தவறு. சோல்பிடெம் 10 மில்லிகிராம் எடுத்து 8 மணி நேரம் கழித்து ரத்தத்தைப் பார்த்தபோது, பெண்களில் சுமார் 15 சதவீதத்தினருக்கும் ஆண்களில் சுமார் 3 சதவீதத்தினருக்கும் ஓட்டும் திறனைக் குறைக்கக்கூடிய அளவு மிச்சம் இருந்தது. அதனால்தான் 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, பெண்களுக்கான அளவை 10-லிருந்து 5 மில்லிகிராமாகக் குறைக்கச் சொன்னது. ஜோபிக்லோன் இன்னும் நீளமாக இழுக்கும்; 7.5 மில்லிகிராம் எடுத்தவர்களிடம் 10, 11 மணி நேரம் கழித்தும் தடுமாற்றம் அளவிடப்பட்டிருக்கிறது.

வலி மருந்துகளில் டிராமடால், கோடீன், மார்ஃபின் போன்ற ஓபியாய்டு வகை மயக்கத்தைத் தரும், கண்மணியைச் சுருக்கும். கண்மணி சுருங்கினால் இருட்டில் வெளிச்சம் போதாமல் போகும். பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் போன்ற சாதாரண வலி மாத்திரைகளில் இந்தச் சிக்கல் பொதுவாக இல்லை. கோடீனைச் சிலருடைய கல்லீரல் வழக்கத்தைவிட வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். அவர்களுக்கு ஒரே மாத்திரை மற்றவர்களைவிடப் பல மடங்கு மயக்கம் தரும். "என் தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பது உங்களுக்குச் சான்றாகாது.

நரம்புவலிக்குக் கொடுக்கும் பிரகாபலின், காபாபென்டின், தசை இறுக்கத்துக்குக் கொடுக்கும் பேக்லோஃபென், டிசானிடின், மனச்சோர்வுக்கும் தூக்கத்துக்கும் கொடுக்கும் அமிட்ரிப்டிலின், மிர்டசபின் எல்லாவற்றிலும் முதல் நாட்களில் கவனம் தேவை. பார்க்கின்சன் நோய்க்கான பிரமிபெக்சோலும் ரோபினிரோலும் தனி ரகம்: சிலருக்குக் கொட்டாவி, அசதி எந்த முன்னறிகுறியும் இல்லாமல் திடீரென்று தூக்கம் வந்துவிடும். ஓட்டிக்கொண்டிருக்கும்போதே அப்படித் தூங்கியவர்களைப் பற்றி 1999-இல் மருத்துவ இதழில் பதிவானது. இவற்றைச் சாப்பிடுகிறவர் பகலில் எங்காவது உட்கார்ந்தபடியே ஒருமுறை தூங்கிப்போயிருந்தாலும், டாக்டரிடம் பேசும் வரை வண்டியைத் தொடக் கூடாது.

மூளையை நேரடியாகத் தொடாமலே ஓட்டுவதைக் கெடுக்கும் மருந்துகளும் உண்டு. கண் பரிசோதனைக்குப் போடும் டிராபிகமைட் சொட்டு, கண்மணியை விரித்துப் பல மணி நேரம் கிட்டத்தில் இருப்பதை மங்கலாக்கி, எதிர் வெளிச்சத்தில் கண்ணைக் கூசவைக்கும். கண் டாக்டரிடம் போகும்போது வேறு யாராவது ஓட்டட்டும். இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை ரத்தத்தில் சர்க்கரையை அதிகமாக இறக்கிவிடலாம். அப்போது குழப்பம், வியர்வை, நடுக்கம் வரும். வெளியே இருந்து பார்ப்பவருக்குக் குடித்தவர் போலத் தெரியும். இதற்குத் தனியாகக் கீழே சொல்கிறேன்.

இனி போதைப்பொருள்கள். மது தன்னம்பிக்கையை ஏற்றித் தீர்மானத்தை இறக்குகிறது. குடித்தவர் வேகமாக ஓட்டுவார். கஞ்சா எடுத்தவர் பெரும்பாலும் மெதுவாக ஓட்டுவார், முன் வண்டிக்கு அதிக இடைவெளி விடுவார். இதை வைத்துத்தான் "கஞ்சா அடித்தால் நிதானமாக ஓட்டலாம்" என்ற பேச்சு பரவியிருக்கிறது. அது தவறு. மெதுவாகப் போனாலும் தடம் அலைகிறது, எதிர்பாராத ஒன்று வரும்போது எதிர்வினை தாமதமாகிறது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்கும் திறன் விழுந்துவிடுகிறது. புகைத்தால் விளைவு சில நிமிடங்களில் தொடங்கும். தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றுமே தெரியாது. ஏறவில்லையே என்று இன்னும் கொஞ்சம் தின்பார்கள், பிறகு இரண்டும் சேர்ந்து ஏறும், நீண்ட நேரம் நிற்கும். அளவையும் எடுத்த விதத்தையும் பொறுத்து 3 முதல் 10 மணி நேரம் வரை ஓட்டும் திறன் குறைந்திருக்கும்.

ஆம்ஃபெட்டமின், கோகெய்ன் வகைகள் விழிப்பைத் தருவதால் ஓட்ட உதவும் என்று நீண்ட தூர ஓட்டுநர்கள் சிலர் நம்புகிறார்கள். முதல் சில மணி நேரம் பதற்றம், அவசரம், துணிச்சலான ஓவர்டேக். மருந்து இறங்கும்போது, தள்ளிப்போட்ட தூக்கம் முழுவதும் மொத்தமாக வந்து அமுக்கும். ஓட்டுநர் தூங்குவது அந்தக் கட்டத்தில்தான். எல்எஸ்டி, கெட்டமின் போன்றவை தூரத்தையும் நேரத்தையுமே திரித்துக் காட்டுகின்றன. எந்தக் கணக்கும் போட இடமில்லை, ஓட்டவே கூடாது.

நான்காவது படி: கடிகாரக் கணக்கு

மதுவுக்குக் கணக்கு எளிது. உடல் அதை ஏறத்தாழ ஒரே வேகத்தில் எரிக்கிறது: சராசரியாக மணிக்கு 0.015 சதவீதம். இரவு 11 மணிக்கு ரத்தத்தில் 0.15 சதவீதம் இருந்தால், காலை 7 மணிக்கு இன்னும் 0.03 இருக்கும், பூச்சியத்துக்கு வரக் காலை 9 மணி ஆகிவிடும். காபி, குளியல், மோர், வாந்தி எதுவும் இந்த வேகத்தைக் கூட்டாது. பூச்சியத்துக்கு வந்த பிறகும் தலைவலியும் அசதியும் இருக்கும் வரை கவனம் முழுதாகத் திரும்புவதில்லை.

மாத்திரைகளுக்கு அரைவாழ்வு என்ற அளவைப் பார்க்க வேண்டும். ரத்தத்தில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. ஐந்து அரைவாழ்வு கடந்தால் சுமார் 3 சதவீதம்தான் மிஞ்சும். சோல்பிடெமுக்கு இது இரண்டரை மணி நேரம் போல, ஜோபிக்லோனுக்கு 5 மணி நேரம் போல. டயசெபாமுக்கோ 20 முதல் 50 மணி நேரம், அது உடைந்து உருவாகும் பொருளும் தூக்கத்தைத் தரும், அது இன்னும் நீண்ட நேரம் நிற்கும். தினமும் எடுத்தால் நேற்றையது போகும் முன் இன்றையது சேர்கிறது. வயதானவர்களின் உடலில் டயசெபாம் இன்னும் மெதுவாகவே வெளியேறும். 40 வயதில் ஒத்துக்கொண்ட அளவு 70 வயதில் அதிகமாக இருக்கலாம்.

மருந்துக்கடைக்காரரிடம் அல்லது மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் இந்த எண்ணைத் தெரிந்துகொண்டு, உங்கள் பட்டியலில் எழுதுங்கள்.

ஐந்தாவது படி: சேர்க்கையைப் பார்ப்பது

இரண்டு மந்தப்படுத்தும் பொருள்கள் சேரும்போது கணக்கு தனித்தனியாக நிற்காது. ஒரு கிளாஸ் பீர் தனியாக உங்களைப் பெரிதாகப் பாதிக்காமல் இருக்கலாம், அரை மாத்திரை அல்பிரசோலாமும் அப்படியே. இரண்டும் ஒரே மாலையில் சேர்ந்தால் ஓட்டுவதை மறந்துவிடுங்கள். மதுவும் கஞ்சாவும் சேர்ந்தாலும் இதேதான். கஞ்சா எடுத்தவர் தன்னை நிதானப்படுத்திக்கொள்ளும் அந்தக் கொஞ்சநஞ்ச எச்சரிக்கையையும் மது எடுத்துவிடுகிறது. கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக், இட்ரகோனசோல் என்ற பூஞ்சை மருந்து ஆகியவை அல்பிரசோலாம் உடையும் வேகத்தைக் கல்லீரலில் குறைத்துவிடும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் அது ஏறும்.

பட்டியலில் தூக்கக் குறைவையும் ஒரு பொருளாகவே எழுதுங்கள். 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீத மது இருப்பவரின் தடுமாற்றத்துக்குச் சமம் என்று 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. காய்ச்சலில் இரண்டு இரவு சரியாகத் தூங்காதவர் சளி மாத்திரையும் போட்டால், இரண்டு சுமை.

ஆறாவது படி: மாற்றம் நடக்கும் நாட்களில் ஒதுங்குவது

மிக ஆபத்தான நாட்கள், மருந்து தொடங்கும் நாட்களும் அளவு கூட்டும் நாட்களும்தான். வலிக்கான ஓபியாய்டு, அமிட்ரிப்டிலின் போன்றவற்றுக்கு உடல் சில நாட்களில் அல்லது ஓரிரு வாரங்களில் ஓரளவு பழகிக்கொள்ளும். அதுவரை ஓட்டாமல் இருப்பதே வழி. முடிந்தால் புதிய மாத்திரையை விடுமுறைக்கு முந்தைய இரவில் தொடங்குங்கள்.

இதைப் படித்துவிட்டு ஓட்டுவதற்காக மருந்தை நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு, மனச்சோர்வு, கடும் வலி ஆகியவை மருந்தில்லாமல் இருந்தால் அவையே ஓட்டுவதை ஆபத்தாக்கும். டயசெபாம் வகையைத் திடீரென்று நிறுத்தினால் வலிப்பே வரலாம். மருந்தை மாற்றவோ, நேரத்தை மாற்றவோ, மெல்லக் குறைக்கவோ டாக்டரால்தான் முடியும்.

ஏழாவது படி: டாக்டரிடம் சரியான கேள்வி கேட்பது

"இது தூக்கம் வருமா?" என்று கேட்டால் "கொஞ்சம் வரலாம்" என்ற பதில்தான் கிடைக்கும். அதற்குப் பதில் இப்படிக் கேளுங்கள்: நான் தினமும் காலை இத்தனை மணிக்கு வண்டி ஓட்ட வேண்டும், இந்த மருந்தை எடுத்து எத்தனை மணி நேரம் கழித்து ஓட்டலாம்? நான் ஏற்கெனவே சாப்பிடும் இவற்றோடு சேர்ந்தால் என்ன ஆகும்? தூக்கம் தராத மாற்று இருக்கிறதா? எத்தனை நாள் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும்? லாரி, பேருந்து, டாக்சி ஓட்டுகிறவர் தன் தொழிலை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பிரான்சில் மருந்துப் பெட்டிகள் மேலேயே மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மூன்று நிறத்தில் கார் படம் போட்டு, எதில் கவனம், எதில் ஓட்டவே கூடாது என்று அச்சிடுகிறார்கள். எல்லா நாட்டிலும் அது வர வேண்டும் என்பது என் விருப்பம். வரும் வரை இந்தக் கேள்விகள்தான் நமக்குத் துணை.

எட்டாவது படி: ஓடும் வழியில்

எல்லாம் பார்த்துத்தான் கிளம்பினீர்கள், ஆனாலும் உடல் வேறு மாதிரி இருக்கலாம். கடந்த சில கிலோமீட்டர் எப்படி வந்தோம் என்று நினைவில்லை, சக்கரம் ஓரக் கோட்டில் ஏறுகிறது, ஒரே பலகையை இரண்டு முறை படிக்கிறோம், முன் வண்டியின் பிரேக் விளக்கு திடீரென்று அருகில் தெரிகிறது, காரணமில்லாமல் வேகம் ஏறி இறங்குகிறது. இவற்றில் ஒன்று வந்தாலே போதும், அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள். ஜன்னலைத் திறப்பதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் உதவாது. 20 நிமிடத் தூக்கமும் ஒரு காபியும் சாதாரணக் களைப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடும். மருந்து தந்த மந்தத்தை நீக்காது. அதற்கு வேறு ஓட்டுநரோ வேறு வண்டியோதான் வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் இதில் வேலை இருக்கிறது. ஓட்டுபவருக்கு முன்பே அவருக்குத்தான் தெரியும். "வண்டி ஆடுது, ஓரமா நிறுத்துங்க" என்று அவர் சொன்னால் விவாதிக்காமல் நிறுத்துவது என்று கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்சுலினோ சர்க்கரையை இறக்கக்கூடிய மாத்திரையோ எடுப்பவர்களுக்கு: கிளம்பும் முன் சர்க்கரையைப் பாருங்கள், நீண்ட பயணத்தில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள். பிரிட்டனில் இன்சுலின் எடுப்பவர்களுக்குச் சொல்லும் வரம்பு நல்ல அளவுகோல்: டெசிலிட்டருக்கு 90 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டே கிளம்ப வேண்டும். வழியில் நடுக்கம், வியர்வை, திடீர்ப் பசி, குழப்பம் வந்தால் வண்டியை நிறுத்தி, என்ஜினை அணைத்து, ஓட்டுநர் இருக்கையிலிருந்து மாறி உட்காருங்கள். உடனே குளுக்கோஸோ இனிப்புப் பானமோ எடுங்கள். சர்க்கரை இயல்புக்கு வந்த பிறகும் 45 நிமிடம் காத்திருங்கள், ஏனென்றால் ரத்தத்தில் எண் சரியானாலும் மூளை தெளிய அவ்வளவு நேரம் ஆகிறது. குளுக்கோஸைப் பின் இருக்கைப் பையில் வைக்காமல், உட்கார்ந்த இடத்திலேயே கை எட்டும் தூரத்தில் வையுங்கள்.